செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் லோரி

ரெங்கசாமியிடம் இருப்பது லோரி இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் பதிவான டட்சன் பிக்கப். முன்னால் இரண்டு பேர், ஒருவர்மேல் ஒருவர் கோபப்படாத அளவுக்கு, உட்காரலாம். பின்னால் ஒற்றைக் கட்டில் அளவுக்கு ஒரு திறந்த தட்டு. அவ்வளவுதான் வண்டி. ஆனால் கிள்ளானில் அவர் இருக்கும் குடியிருப்புப் பகுதியான தாமான் மெலூரில் யாரும் அதைப் பிக்கப் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘ரெங்கசாமி அங்கிள் லோரி’ என்றுதான் சொல்வார்கள். இரவல் கேட்கப் போகிற பொருளைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்வது இங்கே ஒரு மரியாதை.

இருபத்தாறு வருடமாக அந்தத் தாமானில் ஓர் ஐஸ் பெட்டி இடம் மாறியது என்றால் அந்த லோரியில்தான் மாறியது. கல்யாண வீட்டுக்கு வாழைமரம், பிறந்தநாளுக்கு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, புதுக் கட்டில், பழைய கட்டில், விவாகரத்துக்குப் பிறகு பாதிக் கட்டில். ஒரு தைப்பூசத்துக்குக் காவடி ஒன்றை, அதைத் தூக்கப்போகிறவரோடு சேர்த்தே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

கேட்கிறவர்கள் வாடகை தருவதில்லை. ரெங்கசாமியும் வாங்குவதில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. வாசலில் வந்து நின்றதும் விஷயத்தைப் போட்டு உடைக்கக் கூடாது. “பசியாறிட்டீங்களா அங்கிள்?” என்று தொடங்க வேண்டும். பிறகு மழை. பிறகு முழங்கால் வலி. தாமானில் யார் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறார்கள், எத்தனை நாளாக, ஏன் இன்னும் போகவில்லை. பிறகு, “சரி, வரேன் அங்கிள்” என்று இரண்டடி நடந்துவிட்டு, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் திரும்ப வேண்டும்.

“ஆங், அங்கிள். லோரி சும்மாதான நிக்குது?”

இந்தச் சுற்றுவழிக்குக் குறைந்தது அரைமணி நேரம் ஆகும். கேட்கிறவர்கள் அந்த அரைமணி நேரத்தை லோரிக்காகக் கொடுத்தார்கள். ரெங்கசாமி அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் லோரியையே வைத்திருந்தார்.

அவருக்கு வயது அறுபத்துநான்கு. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, உலகத்தின் சாமான்களைக் கப்பலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஏணியில் ஏறி வந்து பசியாறிவிட்டாயா என்று கேட்டதில்லை. ஓய்வு பெற்றுக் கீழே இறங்கி வந்தபோது வீட்டில் கேட்க ஒருவர் இருந்தார். மனைவி சீதாலெட்சுமி. பேரன் பிறக்கும் சமயத்தில், பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் விஷ்ணுப்ரியாவுக்குத் துணையாக அவர் விமானம் ஏறினார். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், நடந்தான், இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து, சமையலறையில் உள்ள டப்பாக்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் போய்விடுவார்.

ரெங்கசாமியும் ஒருமுறை போய் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தார். அங்கே எல்லோரிடமும் எல்லாம் இருந்தது. யாரும் யாரிடமும் எதையும் இரவல் கேட்பதாகத் தெரியவில்லை. முப்பத்தெட்டாவது நாள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் நீளமான ஏணி ஒன்றைத் தூக்கத் திணறுவதைப் பார்த்து ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். வெள்ளைக்காரர் நன்றி சொன்னார், ஏணியை வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்திக்கொண்டார். ரெங்கசாமி அன்றே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

ஆக, அந்த மனிதரின் சமூக வாழ்க்கை மொத்தமும் ஒரு டட்சனின் பின்தட்டில் இருந்தது. அந்தத் தட்டு துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

போன வருடம் எதிர்வீட்டுக் கார்த்திகேசு வாஷிங் மெஷின் ஒன்று வாங்கினார். கடையிலிருந்து ரெங்கசாமிதான் ஏற்றி வந்தார். தாமானுக்குள் திரும்பும் வேகத்தடையில் ஒரு குலுக்கல். வாசலில் வந்து பார்த்தால், மெஷினின் ஒரு கால் தரைக்குள் இறங்கி, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து அதை வெளியே இழுத்தார்கள். கார்த்திகேசு அதை உள்ளே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். “பரவால்லண்ணே, ஓடுது” என்றார். ஓடியது, ஆனால் துணி சுற்றும்போதெல்லாம் மெஷின் சமையலறையை விட்டு வரவேற்பறைக்கு நடந்து வந்தது.

அதன்பிறகு லோரி கேட்டு யாரும் வரவில்லை. கைப்பேசியில் தட்டினால் வேன் வருகிற காலம் இது. தாமான் முழுக்க அந்தச் செயலியை இறக்கிக்கொண்டது. அந்த வேன்காரர் யாரிடமும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. இறக்கி வைத்துவிட்டு ஐந்து நட்சத்திரம் மட்டும் கேட்பார்.

முதல் மாதம் ரெங்கசாமி தாங்கிக்கொண்டார். இரண்டாம் மாதம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் மாதம், வண்டிக்கு மரத்தில் புதுத் தரை போடுவது என்று முடிவெடுத்தார். தரை உறுதியாகிவிட்டால் ஆட்கள் திரும்பி வருவார்கள். கணக்கு அவ்வளவு நேரானது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் மனைவியிடம் சொன்னார். திரையில் பேரனின் நெற்றி மட்டும் தெரிந்தது, குரல் மனைவியுடையது.

“மரம் எதுக்குங்க? தகரத்த வெல்டிங் அடிச்சா முடிஞ்சி போச்சி.”

“தகரம் மறுபடியும் துருப் புடிக்கும்.”

“நீங்களுந்தான் அங்க ஒக்காந்து துருப் புடிக்கிறீங்க. இங்க வாங்கன்னா வர மாட்டேங்கிறீங்க.”

“அங்க வந்து நான் என்னா செய்யறது?”

“இங்க இருந்து நான் என்னா செய்யறேன்? கழுவறேன், துடைக்கிறேன். வந்து துடைங்க.”

நெற்றி திரையை விட்டு நகர்ந்தது. அழைப்பு முடிந்தது.

காப்பார் சாலையில் பழைய வீடுகளை இடித்து மரம் எடுத்து விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரத் தவுக்கே, எழுபது வயதுச் சீனர், ரெங்கசாமி தேர்ந்தெடுத்த பலகைகளைப் பார்த்துவிட்டு வண்டியையும் பார்த்தார். மெர்பாவ் மரம். இரும்பைப் போல் கனம், கரும்பழுப்பு நிறம். யாரோ ஒருவருடைய வீட்டு மாடித் தரையாக இருந்தது.

“இதுக்கா?” என்று மலாயில் கேட்டார். “லோரிக்கு யார் இந்த மரம் போடுவா? உன் வீட்டுக் கதவுகூட இவ்வளவு நல்ல மரமா இருக்காதே.”

“சாமான் ஏத்தணும் தவுக்கே. ஓட்டை விழக்கூடாது.”

“ஓட்டையா? உன் வண்டி போயிடும், நீ போயிடுவ, இந்த மரம் இருக்கும்.” விற்பனைக்காக அவர் சொல்கிற வாசகமாக இருக்கலாம். ரெங்கசாமிக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது. “ஒன்னு சொல்றேன். மொதல்ல இத மழையில போடு. சாயம் எல்லாம் வெளிய வரட்டும். அப்புறம் வார்னிஷ் பூசு.”

அப்படியே செய்தார். ஏழு பலகைகளையும் வாசல் சிமெண்டில் பரப்பினார். கிள்ளானில் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்று மாலையே கொட்டியது. மரத்திலிருந்து சிவப்பாக ஒரு சாயம் கிளம்பி, வாசலைக் கடந்து, சாக்கடை வழியாக மூன்று வீடு தாண்டி ஓடியது. குடையோடு வந்து நின்ற கார்த்திகேசு அதைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

“என்னாண்ணே இது? சொல்லாம கொள்ளாம கெடா வெட்டிட்டீங்களா?”

“மரம்பா. சாயம் போவுது.”

“மரத்துல இவ்ளோ ரத்தமா?” கார்த்திகேசு குடையை மடக்கிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறினார். “நான் ஒரு தட்டு கறியாச்சும் கெடைக்கும்னு வந்தேன். சரி, எதுக்கு மரம்?”

ரெங்கசாமி சொன்னார். கார்த்திகேசு முக்கால் மணி நேரம் நின்று, அவருக்குத் தெரியாத மரவேலையைப் பற்றி நிறையச் சொன்னார். அவர் போனபிறகும் வாசல் சிவப்பாகவே இருந்தது. அந்தக் கறை பிறகு போகவே இல்லை. ரெங்கசாமி அன்று நன்றாகத் தூங்கினார்.

வேலை தொடங்கியது. பின்கதவைக் கழற்றினார். துருத்தகட்டை அறுத்து எடுத்தார். அடியில் குறுக்கே கிடக்கும் இரும்புச் சட்டங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு ஏறாத சிவப்புப் பெயிண்ட் இரண்டு தடவை அடித்தார். இரண்டு பக்கமும் சக்கரம் முதுகு தூக்கி நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி ஓரப் பலகைகளை வளைத்து அறுக்க வேண்டும். நாளிதழை விரித்து அளவு எடுத்தார், கத்தரித்தார், மரத்தில் வைத்து வரைந்தார், அறுத்தார். பொருத்திப் பார்த்தால் வளைவு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பலகையில் வலது சக்கரத்தை அறுத்திருந்தார். பரவாயில்லை, அதையே எடுத்து வலது பக்கத்துக்குப் போட்டார். நாளிதழைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு அடுத்ததைச் சரியாக அறுத்தார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். மழைக்கு மரம் ஊதும். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும். இருபது சென் காசுகளை இரண்டிரண்டாக நடுவில் செருகி அளவு பார்த்தார். இடைவெளியை மூடி நீளமாக இரும்புப் பட்டை. பட்டையிலிருந்து கீழே சட்டம்வரை துளையிட்டு போல்ட். மெர்பாவைத் துளைப்பதற்குள் ஐந்து துரப்பண ஊசிகள் உடைந்தன. துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டியை ஒரு விரலால் தூக்கி வைத்தவர், ஒரு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் ஒரு விஷயம் நடந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வண்டி கேட்டு அல்ல, வேடிக்கை பார்க்க. ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் நின்று தப்புச் சொல்வது உலகத்திலேயே சுகமான பொழுதுபோக்கு. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் ரெங்கசாமி வாசலோடு பயிற்சியை முடித்துக்கொண்டார்கள்.

“போல்ட்டு தல மேல தெரியுதே அங்கிள், இறக்கக் கூடாதா?”

“என் மச்சான் கேரி தீவுல லோரிக்குப் பலகைதான் போட்டான். பத்து வருஷம் ஓடுச்சி. இவ்ளோ கஷ்டப்படல.”

“ஆன்டி எப்ப வராங்க?”

எல்லாவற்றுக்கும் ரெங்கசாமி பதில் சொன்னார். தேநீர் போட்டுக் கொடுத்தார். ஆறு வாரத்தில் முடியவேண்டிய வேலை எட்டு வாரம் ஆனது. கடைசியில் வார்னிஷ் மட்டும் பாக்கி.

மூன்று பூச்சு போதும் என்று டின்னிலேயே எழுதியிருந்தது. மூன்று பூசினார். நான்காவது நாள் தெருவில் போனவர்கள், “முடிஞ்சிருச்சா அங்கிள்? நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனார்கள். ரெங்கசாமி உள்ளே போய் மறுபடியும் தூரிகையை எடுத்து வந்தார். நான்காவது பூச்சின்போது கார்த்திகேசு வந்து அரைமணி நேரம் நின்றார். ஐந்தாவது பூச்சுக்கு மூன்று பேர். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டுமே. அதற்கு இரண்டு பேர். ஒன்பதாவது பூச்சில் வார்னிஷ் தீர்ந்தது. தரை, குளம் மாதிரி இருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது, முகத்துக்குப் பின்னால் மேகமும்.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஆகியிருக்கும். ஆனால் புது வண்டி, புது டயர், ஏன், புது மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குக்கூட எலுமிச்சம்பழம் நசுக்குகிற சனம் நாம். ரெங்கசாமி தாமான் முனையிலுள்ள மாரியம்மன் கோயில் பூசாரியை அழைத்தார். எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார். இருபது பேர் வந்தார்கள்.

பூசாரி சக்கரங்களுக்குச் சந்தனம் வைத்தார். முன்கண்ணாடிக்குப் பொட்டு வைத்தார். பிறகு பின்பக்கம் வந்து தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மேலே ஏறி, ஏழு பலகைக்கும் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, தட்டில் சூடம் ஏற்றினார். ஒன்பது பூச்சு வார்னிஷில் ஒரு சுடர் பதினெட்டுச் சுடராகத் தெரிந்தது. கீழே நின்றவர்கள் தாங்களாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண்மணி தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரெங்கசாமிக்குக் கண் கலங்கியது. அந்தச் சமயத்தில் அவர் செய்த பிழை அவருக்குத் தெரியவில்லை.

மறுவாரம் கார்த்திகேசு வீட்டுக்குப் புது அலமாரி வந்தது. செயலியில் அழைத்த வேனில் வந்தது. எதிர்வாசலில் உட்கார்ந்து ரெங்கசாமி அது இறங்குவதைப் பார்த்தார். கார்த்திகேசுவுக்குச் சங்கடமாகிவிட்டது. தெருவைக் கடந்து வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க லோரியில எப்படி ஏத்தறது? பூச போட்ட எடம். எங்க அலமாரிக் காலு இரும்பு. கீறிட்டா என் மனசு கேக்குமா சொல்லுங்க?”

“சாமான் ஏத்தத்தானே போட்டது, கார்த்தி.”

“நீங்க அப்படித்தான் சொல்வீங்க. நாங்க அப்படிச் செய்ய முடியுமாண்ணே?”

தாமான் முழுக்க இதே மரியாதை பரவியது. நாற்காலிகள் வேனில் போயின. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம்கூட வேனில் வந்தது. வாழைச்சாறு மரத்தில் பட்டால் கறை பிடிக்கும் என்றார்களாம். கறிக்கு ஆட்டிறைச்சி வாங்கியவர், அந்த லோரிக்குப் பக்கத்தில் போகவே பயந்து சுற்றிக்கொண்டு போனார். தரையைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். துருப்பிடித்த தரையில் ஓட்டை இருந்ததால் வராதவர்கள், இப்போது ஓட்டையே இல்லாததால் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஒரு ஜோடி வந்தது. கல்யாணத்துக்கு முன் எடுக்கும் படத்துக்காம். கூடவே புகைப்படக்காரர், விளக்குப் பிடிக்கிறவர், பெண்ணின் முந்தானையைத் தூக்கி எறிகிறவர் ஒருவர்.

“அங்கிள், உங்க லோரி செம வின்டேஜ். ரெண்டே ரெண்டு ஷாட்!”

இரண்டு மணி நேரம் எடுத்தார்கள். மணமக்கள் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரெங்கசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க. தரையில உங்க நெழல் விழுது” என்றார் புகைப்படக்காரர். ரெங்கசாமி தள்ளிக்கொண்டார். அவர்கள் போகும்போது ஒரு பெட்டி லட்டு கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி.

பதினோரு வாரம் ஓடியது. தினமும் காலையில் தூசி துடைப்பார். துடைப்பதால் இன்னும் பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் மனைவி, “லோரி கேட்டு வராங்களா?” என்று ஒருமுறை கேட்டார். “வராங்க வராங்க” என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்காதபடி பேரனைக் காட்டச் சொன்னார்.

பன்னிரண்டாவது வாரம், ஒரு காலை, வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கண்ணில் தூக்கம், காலில் தடித்த ரப்பர் காலணி. நான்கு வீடு தள்ளி மாடியறையில் வாடகைக்கு இருக்கிற மெஹ்ரின். பினாங்குப் பக்கத்துப் பெண். இரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் தாதியாக வேலை. பாதி நாள் இரவு வேலை என்பதால் தாமானில் நடக்கும் எதற்கும் விழித்திருந்ததில்லை. பூசை நடந்ததும் அவளுக்குத் தெரியாது.

பசியாறல் இல்லை. மழை இல்லை. முழங்கால் இல்லை.

“அங்கிள், இது லோரிதானே? சாமான் ஏத்தலாம்ல?”

ரெங்கசாமி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“ஏத்தலாமே. என்னா சாமான்?”

“ஒரு இரும்பு அலமாரி, சின்ன ஐஸ் பெட்டி, நாலு பெட்டி. வேன் புக் பண்ணேன், அவன் கேன்சல் பண்ணிட்டான். ரெண்டாவது ஆளும் கேன்சல். இன்னிக்கு ஒரு நாள்தான் அங்கிள் லீவு. எவ்ளோன்னு சொன்னா...”

“அதெல்லாம் ஒன்னுமில்லம்மா. எங்க எறக்கணும்?”

“பிரிக்பீல்ட்ஸ்.”

“அங்க யாருக்கு?”

“எனக்குத்தான் அங்கிள். புது வேல கெடச்சிருச்சி. இனிமே அங்கதான்.”

ஆக, அவரிடம் வந்து கேட்ட ஒரே ஆள், தாமானை விட்டுப் போகிற ஆள். ரெங்கசாமி தலையாட்டினார். சாவியை எடுக்க உள்ளே போனார். கனமான சாமான் ஏற்றும்போது தரையில் விரிக்க ஒரு கம்பளம் வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்து வாசல்வரை வந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பிப் போய் அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

மாடியிலிருந்து சாமான் இறக்க வீட்டுக்காரரின் தம்பியும் கை கொடுத்தார். மெஹ்ரின் காலணியோடு தரையில் ஏறி நின்று பெட்டிகளை வாங்கி அடுக்கினாள். ரப்பர் காலணி விபூதிப் பட்டை போட்ட இடத்தின்மேல் அங்குமிங்கும் நடந்தது. எதிர்வீட்டுச் சன்னலில் கார்த்திகேசுவின் தலை தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் டட்சன் அறுபதுக்கு மேல் போகாது. போகிறவர்கள் எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள். முந்தும்போது திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கசாமி பேசிக்கொண்டே வந்தார். மழையைப் பற்றி, முழங்காலைப் பற்றி, துறைமுகத்துக் கூண்டைப் பற்றி, மரத்திலிருந்து வந்த சிவப்புச் சாயத்தைப் பற்றி. பதினோரு வாரத்துப் பேச்சு.

“அங்கிள், நீங்க எப்பவும் இவ்ளோ பேசுவீங்களா?”

“ஏம்மா, தொந்தரவா?”

“இல்ல. எங்க வாப்பாவும் வண்டி ஓட்டினா இப்படித்தான். எறங்கிட்டா ஒரு வார்த்த பேச மாட்டாரு.” அவள் சிரித்துவிட்டு, கைப்பேசியில் மணி பார்த்தாள். “எட்டு மாசம் இருந்தேன், உங்க வீடு எதுன்னே தெரியாது. லோரி மட்டும் தெரியும். பளபளன்னு. வெலைக்குப் போட்டிருக்கீங்களோன்னு நெனச்சேன்.”

“வெலைக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு இவ்ளோ பாலிஷ்?”

ரெங்கசாமி கியர் மாற்றுவதில் மும்முரமானார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு குறுக்குச் சந்தில் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் எங்கிருந்தோ முளைத்தது. ரெங்கசாமி பிரேக்கை மிதித்தார். பின்னால் கயிறு நழுவியது. இரும்பு அலமாரி தரையில் தேய்ந்துகொண்டே முன்னுக்கு வந்து, ஓட்டுநர் கூண்டின் முதுகில் மோதி நின்றது. பிரம்பு நாற்காலியை இழுப்பதுபோல் நீளமான ஒரு சத்தம்.

மெஹ்ரின் குதித்து ஓடினாள். பின்கதவிலிருந்து முன்பக்கம்வரை, நாலாவது பலகையில் ஒரு கோடு. வார்னிஷ் ஒன்பது பூச்சும் சுருண்டு வந்திருந்தது. கோட்டுக்குள் மரம் வெளுத்த சிவப்பாகத் தெரிந்தது.

“அல்லா! கீறிடுச்சி அங்கிள். மன்னிச்சிக்குங்க. நான் சரியா கட்டல.”

“கட்டினது நான்தாம்மா.” ரெங்கசாமி கீறலின்மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொண்டுபோனார். “நல்லா ஆழமாத்தான் விழுந்திருக்கு.”

அந்தக் குரலில் வருத்தம் இருந்ததாக மெஹ்ரின் நினைத்தாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்.

இரண்டாவது மாடி. அவளோடு சேர்ந்து தங்கப்போகிற இரண்டு தாதிகள் இறங்கி வந்து சாமான்களைத் தூக்கினார்கள். ரெங்கசாமியை நாற்காலியில் உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். மூன்று பெண்களும் எந்தச் சுவருக்கு அலமாரி, எந்தப் பக்கம் மெத்தை என்று சத்தமாகச் சண்டை போட்டார்கள். ரெங்கசாமி மைலோவை மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்த பிறகும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், ஜேம் ஆரம்பிச்சிரும், கெளம்பல?” என்றாள் மெஹ்ரின். விரட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. உண்மையாகவே போக்குவரத்து நெரிசலைப் பற்றித்தான் சொன்னாள்.

கீழே வரை வந்து வழியனுப்பினாள். “மறுபடி சாமான் மாத்தினா உங்களத்தான் கூப்பிடுவேன்” என்றாள். அவர் தன் எண்ணைக் கொடுத்தார். அவள் பதிந்துகொண்டபோது எட்டிப் பார்த்தார். ‘கிள்ளான் லோரி அங்கிள்’ என்று எழுதினாள்.

திரும்பும்போது மழை. பழைய தகரத் தட்டாக இருந்தபோது காலி வண்டி வழியெல்லாம் கடகடவென்று பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வரும். மெர்பாவ் எதுவும் சொல்லவில்லை. போல்ட் எல்லாம் அவ்வளவு இறுக்கம். துடைப்பான் இரண்டும் கண்ணாடியில் போய்ப் போய் வந்தன. பக்கத்து இருக்கையில் மெஹ்ரினின் தலைமுடி ஊசி ஒன்று கிடந்தது. எடுத்து முன்பெட்டியில் போட்டார்.

தாமானுக்குள் வந்ததும் வழக்கமாக வண்டியைப் பின்பக்கமாகத்தான் வாசலுக்குள் விடுவார். அன்றும் அப்படித்தான் எடுத்தார். மூன்று தடவை முன்னும் பின்னும் போய், பின்பக்கம் வீட்டைப் பார்ப்பதைப் பார்த்துத் திருப்தியில்லாமல், மறுபடியும் வெளியே எடுத்துத் திருப்பி, பின்தட்டு தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினார். பின்கதவை இறக்கிவிட்டார். மழை நின்றிருந்தது. தரையைத் துடைத்தார். கீறலை மட்டும் துடைக்கவில்லை.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், “ஐயையோ” என்றார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஆறு மணிக்குக் கார்த்திகேசு தெருவைக் கடந்து வந்தார்.

“நான் அப்பவே நெனச்சேண்ணே. காலணியோட ஏறி மிதிச்சிச்சி அந்தப் பொண்ணு. என்னா இப்படி ஆயிருச்சி?”

“அலமாரி தேச்சிருச்சி.”

“ஒன்னும் கவலப்படாதீங்க. ரவாங்ல ஒரு ஆளு இருக்கான், கீறுன எடமே தெரியாம பாலிஷ் போட்டுருவான். நாளைக்கே வரச் சொல்றேன்.”

“வேணாம் கார்த்தி.”

“ஏண்ணே? ஒன்பது தடவ பூசுனீங்களே!”

“வேணாம்பா. அப்படியே இருக்கட்டும்.”

கார்த்திகேசு ஒன்றும் புரியாமல் அவரையும் கீறலையும் பார்த்தார். நோயாளியிடம் விடைபெறுகிறவர்போல் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தெருவின் பாதி போயிருப்பார்.

இருபத்தாறு வருடத்தில் ரெங்கசாமி யாரிடமும் போய் எதுவும் கேட்டதில்லை. கேட்கப்படுகிறவராக மட்டுமே இருந்து பழகியவர். நாற்காலியை விட்டு எழுந்து வாசல் கம்பிவரை வந்தார்.

“கார்த்தி.”

“ஆண்ணே?”

“உன் வீட்டுல ஏத்தறதுக்கு ஏதாச்சும் இருக்கா?”

கார்த்திகேசு நடுத்தெருவில் நின்றார். கேள்வி அவருக்குப் பிடிபட நேரம் எடுத்தது. “ஏத்தறதுக்கா? இப்ப ஒன்னும் இல்லண்ணே.” பிறகு, எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தோ என்னவோ, தன் வீட்டுப் பின்பக்கத்தை மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்தார். “கொல்லையில ஒரு கோழிக்கூடு கெடக்கு. ஒடஞ்சது. தூக்கிக் குப்பையில போடணும். ஆனா அது வேணாம்ணே. உங்க லோரிக்கு ஆவாது. ரொம்ப அழுக்கு.”

ரெங்கசாமி கம்பிக் கதவின் கொண்டியை நீக்கினார்.

“எவ்ளோ அழுக்கு?” என்று கேட்டார்.